மூக்குப் பார்த்தல்

எண்ணெய் அரைக் கண்ணாடிக்குச் சற்று மேலே நிற்கிறது, நல்லது, ஆனால் பார்த்தால் மட்டும் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் வாசலிலேயே பிடித்து நிறுத்தி ஆபரேட்டர் மச்சாது அண்ணன், நான் அவருக்கு உதவியாள், இதைத்தான் சொன்னார், பரீட்சை வைக்கிறவர் காதுக்குத்தான் மார்க்கு, உம்ம கண்ணு பார்த்ததை அவரு எப்படிவே பார்ப்பாரு என்று. ஆகவே ஆயில் லெவல் சரியாக இருக்கிறது சார் என்று சொன்னேன். பரீட்சைக்காரர் நாச்சிமுத்து சார் தலையை அசைத்தார், அல்லது தும்மலை அடக்கினார், இரண்டில் எது என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் முகத்தில் பாதிதான் வெளியே இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்தவர் வழியெல்லாம் சளி பிடித்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையால் கட்டியிருக்கிறார். அதற்கு மேலே இரண்டு சிவந்த கண்கள், அதற்கு மேலே கம்பெனி இரவல் கொடுத்த மஞ்சள் தொப்பி. நான் படித்துத் தேறிய ஒரே பாடப்புத்தகம் மனிதர்களின் மூக்குத்தான், அதைப் பார்த்தா இந்த மனிதர் துணி போட்டு மூட வேண்டும். மச்சாது அண்ணனையும் வெளியே போகச் சொல்லிவிட்டார், ஆள் உதவி இருக்கக் கூடாதுங்க, விதி அப்படிங்க என்று. கதவுக் கண்ணாடி வழியே அவருடைய முதுகு மட்டும் தெரிகிறது. முதுகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆக, அமோனியா ஓடுகிற இந்த அறையில் இப்போது இரண்டு பேர் நிற்கிறோம், இரண்டு பேருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. அவருடையது இந்த வாரக் கடைசிக்குள் சரியாகிவிடும். என்னுடையது போய்ச் சில வருஷம் ஆகிறது, அது அவருக்குத் தெரியாது, மச்சாது அண்ணனுக்குத் தெரியாது, என் மனைவி தீபத்துக்குத் தெரியாது.

தண்ணீர் வால்வு, இடமிருந்து வலம் அல்ல, வலமிருந்து இடம், திறக்கிற திசையில் அம்புக்குறி போட்டிருக்கிறது, அம்புக்குறி அழிந்துபோய்ப் புள்ளி மாதிரி இருக்கிறது. கூலிங் வாட்டர் ஓபன் சார். குழாய் நடுங்குகிறது, தண்ணீர் வருகிறது. எதிர்ச் சுவரில் ‘அமோனியா அபாயம் அனுமதியின்றி உள்ளே வரவும்’ என்று ஒரு பலகை. ‘வராதீர்’ என்று எழுத வேண்டியதை எழுதியவன் களைத்துப்போய் அழைப்பிதழாக்கிவிட்டான். நான் வேலைக்கு வந்த முதல் நாளே கவனித்தேன், சொன்னேன், மேனேஜர் சிரித்தார், யாரும் வாசிக்கிறதில்ல சார் என்றார். அப்போதெல்லாம் என்னை சார் என்பார்கள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இத்தனை காலம் இருந்துவிட்டு, அச்சகம் பூட்டிய பிறகு மீன் கம்பெனிக்கு எடுபிடியாக வந்தவனை என்னவென்று கூப்பிடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பிறகு வேதமாணிக்கம் என்ற முழுப்பெயரில் ‘வேதம்’ மட்டும் நின்றது, மாணிக்கத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள். கம்ப்ரஸருக்குத் தமிழில் அமுக்கி என்று ஓர் அகராதி சொல்கிறது, அழுத்தி என்று இன்னொன்று. அரசாங்கத்துப் பாடக் கையேட்டில் இரண்டும் இல்லாமல் காற்றடர்த்திப் பொறி என்று போட்டிருக்கிறார்கள், உள்ளே ஓடுவது காற்றே அல்ல என்பது பற்றிக் கவலைப்படாமல். இன்று தேறினால் நான் சான்று பெற்ற ஆபரேட்டர். தேறாவிட்டால் கொச்சியிலிருந்து ஏற்கெனவே சான்று வைத்திருக்கும் ஒருவன் வருவான், தன் உதவியாளையும் கூட்டிக்கொண்டு வருவான், மேனேஜர் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மச்சாது அண்ணன் மாதக் கடைசியில் மஸ்கட் போகிறார். அவர் போனபின் இந்த அறையில் ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள், நானாக இருந்தால் நான். தேறினால் என்ன ஆகும் என்ற பயத்தில் தேறாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் இந்தத் தூத்துக்குடியில் இன்று நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காலையில் ஜெபத்தில் அப்படித்தான் கேட்டேன், உடனே மாற்றியும் கேட்டேன். கேட்கப்பட்டவர் குழம்பியிருப்பார்.

டெலிவரி வால்வு, இதுதான் முக்கியம், இதைத் திறக்காமல் மோட்டாரைப் போட்டால் அழுத்தம் போக வழியில்லாமல் பொறியின் தலையைத் தூக்கிவிடும். முழுக்கத் திற, பிறகு கால் சுற்றுத் திருப்பு. டெலிவரி ஃபுல் ஓபன் சார். கைச் சக்கரம் சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக இருக்கிறது, தொடு உணர்வு எனக்கு நன்றாகவே இருக்கிறது. பழைய இலக்கணக்காரர் ஒருவர் உயிர்களை அறிவின் கணக்கில் அடுக்கிவைத்தார், புல்லுக்கு உடம்பு மட்டும், சிப்பிக்கு அதோடு நாக்கு, மூன்றாவதாக மூக்கு வருகிறது, எறும்பும் கரையானும் அந்தப் படியில், பிறகு கண், பிறகு காது, எல்லாவற்றுக்கும் மேலே மனம், அதற்கு மனிதன். அழகான ஏணி. நடுவில் மூன்றாவது படி மட்டும் உடைந்த உயிரை எங்கே வைப்பது என்று அவர் சொல்லிவைக்கவில்லை. எறும்புக்கு மேலேயா, கீழேயா? சர்க்கரை டப்பாவை நான் வைத்த இடம் எனக்கு மறந்துபோகும், எறும்புக்குத் தெரியும், அந்த விஷயத்தில் கீழேதான். ஊரெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு திரிந்த வருஷத்துக் காய்ச்சலில் போனது. எல்லாருக்கும் போனது, எல்லாருக்கும் வந்தது. தீபத்துக்கு முதலில் காபி மணம் வந்தது, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள், உங்களுக்கு அத்தான் என்று கேட்டாள், எனக்கும் வருகிறது என்றேன். அவள் சந்தோஷத்தில் ஓட்டை போட வேண்டாம் என்று சொன்னது. நாளைக்கோ மறுநாளோ வந்துவிடும், வந்தபின் அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன். வரவில்லை. நெடுநாள் சொல்லிவிட்ட பொய்யைத் திருத்துவது அச்சாகிவிட்ட புத்தகத்தைத் திருத்துவது போல, பிழைதிருத்தம் என்று தனித்தாள் ஒட்டலாம், ஒட்டினால் எல்லாரும் முதலில் அதைத்தான் வாசிப்பார்கள்.

என் மூக்கு ஒரேயடியாகக் குருடு என்றும் சொல்ல முடியாது. நானும் தேடிப் படித்தேன். மணத்தைக் கொண்டுபோவது ஒரு நரம்பு, எரிச்சலைக் கொண்டுபோவது வேறு நரம்பு. முதலாவதுதான் எனக்குச் செத்தது, இரண்டாவது உயிரோடு இருக்கிறது. ஆகவே அமோனியா கசிந்தால் எனக்கும் தெரியும், கண்ணில் நீர் வரும், மூக்கின் உள்ளே மிளகாய் வைத்தது போல இருக்கும். தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். மற்றவர்கள் கதவை நோக்கி நடக்கத் தொடங்கியபின் தெரியும். இந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை நான் எத்தனை இரவு புரட்டிப் பார்த்திருக்கிறேன், அதன் அடியில் ஒன்றும் இல்லை. இந்தக் கம்பெனியில் எழுதிவைக்காத ஒரு வழக்கம் இருக்கிறது. ஷிப்டு மாறும்போது மீட்டர் அளவெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டபின், போகிறவன் வருகிறவனிடம் ‘மூக்குப் பாரும்’ என்பான். வருகிறவன் பொறியை ஒருமுறை சுற்றி வருவான், தண்டுச் சீலிடம் குனிவான், ஒவ்வொரு வால்வின் கழுத்திடமும் குனிவான், கோயில் சுற்றுவது மாதிரி, இழுத்து மூச்சு விடுவான், கடைசியில் ‘சுத்தம்’ என்று சத்தமாகச் சொல்வான். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் போகிறவன் சட்டை மாற்றப் போகலாம். பொறிக்கும் பீலிங் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். இது ஐஸ் பேக்டரியாக இருந்த காலத்தில் ஐஸ் கட்டியைத் தள்ளிவிட அதில் ஒரு சதுரத் துவாரம் விட்டிருந்தார்கள், இப்போது பலகை வைத்து அடைத்திருக்கிறது, பலகை ஒருபோதும் சரியாகப் பொருந்தியதில்லை. ‘சுத்தம்’ என்ற சத்தம் அந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கம் கேட்கும். இறால் உரிக்கும் பெண்கள் அதைக் கேட்டபின் பேச்சைத் தொடர்வார்களாம், அவர்களில் ஒருத்தியான தீபம் சொல்லியிருக்கிறாள். நானும் சுற்றினேன், குனிந்தேன், இழுத்து மூச்சு விட்டேன், ஒரு நாடகக்காரன் மாதிரி. எனக்கு முன்னால் மச்சாது அண்ணன் சுற்றும்போது அவருடைய மூக்கைப் பார்த்துக்கொள்வேன், அவருக்குப் பெரிய மூக்கு, கசிவு இருந்தால் இடது பக்கம் மட்டும் லேசாக விரியும், கன்னுக்குட்டி மாதிரி. அது விரியாவிட்டால் நானும் ‘சுத்தம்’.

ஒருநாள் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். மழைக்காலத்துக்கு முன்பு. திரும்பி வந்தவர் கதவடியில் நின்றுகொண்டே மூக்குப் பாத்தாச்சா வேதம் என்று கேட்டார், நான் சுத்தம் என்றேன், சொல்லி முடிப்பதற்குள் அவருடைய இடது மூக்கு விரிந்தது. வாயு உள்ளே வருகிற சக்ஷன் வால்வின் கழுத்தில் கசிவு. அவர் ஓடி வந்து நட்டை இறுக்கியபோது எனக்குக் கண் எரியவே தொடங்கவில்லை. அந்தப் பக்கம் பெண்கள் ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். துவாரத்தை ஒட்டிய மேசையில் இருந்த மரிய புஷ்பம் வாசற்படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள், ரொம்ப நேரம் இருமினாள், சாயங்காலம் சரியாகிவிட்டது என்று சொன்னார்கள், சொன்னார்கள். சளி அண்ணே என்றேன் மச்சாது அண்ணனிடம். சளி பிடிச்சவன் மூக்குப் பாக்கக் கூடாதுவே, சொல்லியிருக்கலாம்லா என்றார், அதோடு விட்டுவிட்டார், நல்ல மனிதர், நல்ல மனிதர்களை ஏமாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை, அதுதான் சிரமம். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் முன் நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். தீபம் பின்னால் வந்து நின்றாள். பூ எப்படி இருக்கு அத்தான் என்றாள். திரும்பாமலே, நல்ல மணம் என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படி நின்றதுதான் எனக்கு இன்னும் நகராமல் நிற்கிறது. என்ன பூ அது? எங்கள் பக்கத்தில் அந்தப் பருவத்தில் கிடைப்பது பிச்சி, பிச்சியாக இருந்தால் நான் சொன்னதில் தவறில்லை, குருட்டுக் கணக்கு சரியாகிவிட்டது. கோயிலில் பெண்கள் பக்கம் அவள் எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், பார்த்திருக்கிறேன், முக்காட்டுக்குக் கீழே ஏதோ இருந்தது, நிறம் நினைவில்லை. எழுத்துப் பிழை என்றால் பத்து வருஷம் முந்தியதும் பக்கத்தோடு நினைவிருக்கும். மனைவி தலையில் இருந்த பூ நினைவில்லை. மறுநாள் திங்கட்கிழமை அவள் துவாரத்தை ஒட்டிய மேசைக்கு மாறினாள். மரிய புஷ்பம் அந்த இடத்துக்கு இனிப் போகமாட்டேன் என்று அழுததாகவும், வேறு யாரும் முன்வராததால் தீபம் போனதாகவும் கேள்விப்பட்டேன். எதையாவது கசியவிட்டால் முதலில் போய்ச் சேருவது அந்த மேசைக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் அங்கே என்று கேட்டேன். அங்க காத்து வருது அத்தான் என்றாள்.

“மோட்டாரைப் போடுங்க பார்க்கலாம்ங்க.” போட்டேன். பெல்ட் ஒரு நொடி தயங்கிப் பிடித்தது, தரை நடுங்கத் தொடங்கியது, இந்த நடுக்கம் எனக்குப் பிடிக்கும், செருப்பு வழியாக முழங்கால் வரை ஏறும். எண்ணெய் அழுத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, நின்றது. ஆயில் பிரஷர் வந்தாச்சு சார். இனி சக்ஷன், மெதுவாக, மெதுவாக என்றால் ஒரு முடியளவு திருப்புவது. அவசரப்பட்டுத் திறந்தால் திரவமே வந்து பிஸ்டனில் மோதும், வாயுவை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது, கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்கும், அதைக் கேட்டபின் செய்வதற்கு அதிகம் இருக்காது. காதை வைத்துக் கேட்டேன். தட்டவில்லை. “இந்த மெஷின் என்ன வேலை செய்யுதுங்க?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார். குளிரை உண்டாக்குகிறது என்று எல்லாரும் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் அரை மார்க்குப் போகும். குளிர் என்று ஒரு பொருள் கிடையாது சார், சூடு போனபின் மிஞ்சுவதற்குப் பெயர்தான் அது, இது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக் கொண்டுபோய் வெளியே போடுகிறது என்றேன். அவர் ‘ம்’ என்றார். சொல்லிவிட்டு அதிலேயே சிக்கிக்கொண்டேன். ஒன்றும் அழிவதில்லை, ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடுகிறோம். இந்தப் பக்கம் இறால் கல்லாகிறது, அந்தப் பக்கம் மொட்டை மாடியில் கண்டென்ஸரின் அனல் காகத்தை விரட்டுகிறது. என்னிடமிருந்து எடுத்த ஒன்றும் எங்கேயாவது போயிருக்க வேண்டும். எங்கே கொண்டுபோய் யாரிடம் வைத்தார்கள்? சக்கரத்தை இன்னும் ஒரு முடி திருப்பினேன். பின்னால் அவருடைய பூட்ஸ் சத்தம் பொறியைச் சுற்றிப் போயிற்று, ஓரிடத்தில் நின்றது, ஏதோ இரும்பு இரும்பில் பட்ட சின்னச் சத்தம், சாவியாக இருக்கலாம், பாக்கெட்டில் பேனாவாக இருக்கலாம். பரீட்சை அறையில் கண்காணிப்பாளர் பின்னால் நடப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. திரும்பிப் பார்க்கத் தோன்றியது, சக்ஷனிலிருந்து கண்ணை எடுக்காதே என்று கையேடு சொல்கிறது, எடுக்கவில்லை. சக்ஷன் அளவு சரி, டெலிவரி அளவு சரி, ஆம்பியர் சரி. எல்லாம் சரி சார், மெஷின் ரன்னிங்கில் இருக்கிறது சார்.

“நல்லா பண்றீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணுதானுங்க. ரூம்ல வாசம் ஏதாச்சும் வருதுங்களா?” இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. நாம் பயந்துகொண்டிருப்பது வரும்போது, வரும் என்று தெரிந்துகொண்டே பயந்தோம் என்பதால் ஒரு சின்ன ஆறுதல் இருக்க வேண்டும், இல்லை. ஆம் அல்லது இல்லை. நாணயம் சுண்டுவதுபோல. இல்லை என்பதுதான் வழக்கம், நூறில் தொண்ணூற்றொன்பது தடவை அறை சுத்தமாகத்தான் இருக்கும், மிஞ்சிய ஒரு தடவைக்கு ஏன் பரீட்சையில் கேட்கிறார்? கேட்பதே வாசம் இருக்கிறது என்பதால்தானா? அந்த இரும்புச் சத்தம்! ஒருவேளை இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறானா என்று பார்க்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். நீலக் கட்டம். துணிக்குக் கீழே மூக்கு என்று ஒன்று இருப்பதற்கே அடையாளம் இல்லை. கதவுக் கண்ணாடியைப் பார்த்தேன். மச்சாது அண்ணனின் முதுகு. கண்ணைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டேன், எரியட்டும் என்று காத்திருந்தேன், கண் வறண்டுபோய் எரிந்தது, இது அந்த எரிச்சலா, திறந்துவைத்த எரிச்சலா? மூச்சை இழுத்தேன், இழுத்துப் பழக்கம் இருக்கிறது. வெறும் குளிர்ந்த காற்று, எங்கேயும் எதுவும் எழுதாத தாள். வாய் தானாகவே அந்தச் சொல்லுக்கு வடிவம் எடுத்துக்கொண்டது, எத்தனை நாள் சொன்ன சொல், முதல் எழுத்துக்கு நாக்கு மேலே போய்விட்டது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், பலகையை ஒட்டி, யாரோ இருமினார்கள். இரண்டு இருமல், நடுவில் இடைவெளி விட்டு. பீலிங் கூடத்தில் இருமாதவர்கள் கிடையாது, காலையிலிருந்து ஐஸில் கை வைத்திருப்பவர்கள், அதற்காக நான் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தினேன் என்றால் அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல், என் வீட்டில் கேட்கிற இருமல். நாக்கைக் கீழே இறக்கினேன். “சார், மூக்கை வச்சு நான் சொல்லமாட்டேன். கந்தகக் குச்சி குடுங்க, சுத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

நாச்சிமுத்து சார் அலமாரியைக் கையால் காட்டினார். குச்சியைக் கொளுத்தினேன், கந்தகத்தின் தீ நீலமாக, ஏறக்குறைய இல்லாதது போல எரியும், அது அமோனியாவைச் சந்தித்தால் வெள்ளைப் புகை கட்டும், புகை எழும் இடம் கசியும் இடம், கண் இருந்தால் போதும், நான்காவது அறிவு. தண்டுச் சீலில் இல்லை. டெலிவரிக் கழுத்தில் இல்லை. பொறிக்குப் பின்னால், சுவர் ஓரத்தில், துவாரத்துக்கு நேர் எதிரே இருந்த சின்ன வால்வில் வெள்ளை நூல் போல எழுந்தது. நட்டு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன், திரும்பக் குச்சியைக் காட்டினேன், புகை இல்லை. திரும்பியபோது அவர் சிரிப்பது கைக்குட்டை அசைவதில் தெரிந்தது. “நான்தானுங்க லூஸ் பண்ணேன். எல்லா ஊர்லயும் பண்றதுதான். வாசமே இல்லைம்பாங்க, இல்லாட்டி இருக்குதுன்னு சொல்லிட்டு எங்கிருந்துன்னு தெரியாம முழிப்பாங்க. குச்சி கேட்ட ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன். மூக்கை நம்பறவங்கதான் இந்த வேலைல மோசம் போறது. இதை இங்க எல்லாருக்கும் சொல்லிக்குடுங்க.” கதவைத் திறந்து மச்சாது அண்ணனையும் உள்ளே கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னார். மச்சாது அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார், பாத்தீரா, அச்சாபீஸ்காரன் மூளை என்றார், இனி நிம்மதியாக விமானம் ஏறுவேன் என்றார். இதை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது, என்னிடம் இல்லாத ஒன்றுக்கு எனக்குப் பாராட்டு எழுதப்போகிறார். “சார், எனக்கு மணமே தெரியாது” என்றேன். தெளிவாகச் சொன்னேன், பொறிச் சத்தத்துக்கு மேலே, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி. நாச்சிமுத்து சார் கைக்குட்டையைத் தொட்டுக் காட்டினார். “எனக்கும்தானுங்க, நேத்துல இருந்து. நொச்சி போட்டு ஆவி புடிங்க, சரியாயிரும்.” மச்சாது அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார், மூக்கில்லாத ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா பரீட்சை நடத்தினீங்க போங்க என்றார். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னபின் ஒரு பாரம் இறங்குமாமே, இறங்கவில்லை, இருந்த இடத்திலேயே கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். கையெழுத்துப் போட்டாயிற்று, அட்டை தபாலில் வரும், அதுவரை இந்தத் தாளே போதும், வேதமாணிக்கம், அமுக்கியோ அழுத்தியோ, இயக்கத் தகுதியுள்ளவர். மெஷின் ஓடுகிறது. மாதக் கடைசியிலிருந்து இந்தச் சத்தத்தோடு நான் தனியாக இருப்பேன், மூக்குப் பாரும் என்று சொல்லிவிட்டுப் போக வேறு ஷிப்டுக்காரன் ஒருவன் இருப்பான், நான் சுற்றுவேன், குனிவேன். குச்சி கொளுத்திப் பார்ப்பேன், இனி ஒவ்வொரு தடவையும் கொளுத்தலாம், பரீட்சைக்காரரே சொல்லியிருக்கிறார். ஆனால் குச்சி தானாக எரியாது, கொளுத்த வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், தோன்றுவதற்கு மூக்கு வேண்டும், ஒரு ஷிப்டு முழுக்கக் கையில் கந்தகத்தோடு நிற்க முடியாது. துவாரத்துக்குப் போனேன். தேறிவிட்டேன் என்று அவளிடம் சொல்லத்தான். பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தால் அவள் மேசை மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது, பலகையை அடித்தவன் எனக்காகவே அடித்தது போல. தீபம் வெள்ளைத் தொப்பிக்குள் தலைமுடி முழுக்கச் செருகி, கையுறை போட்டு, குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த மேசையில் அவள் மட்டும்தான், அடுத்த மேசைகள் தள்ளி இருக்கின்றன. இன்று வேகவைத்த சரக்கு. அவள் முன்னால் தட்டு நிறைய இறால், வெந்து சிவந்து, சிவப்பும் இல்லை மஞ்சளும் இல்லை, அந்த நிறம், நான் அந்த நிறத்தை எங்கேயோ, முக்காட்டுக்குக் கீழே, முன்வரிசையில், நெருக்கமாகக் கட்டிய சரம், கனகாம்பரம். முகர்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத பூ. கனகாம்பரத்தை வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்று பூ எப்படி இருக்கு அத்தான் என்று கேட்டாள், நல்ல மணம் என்றேன். பிறகு கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாள் இங்கே வந்து உட்கார்ந்தாள். அந்த வால்வு, இந்தப் பலகை, அந்த இரண்டு இருமல், நடுவில் இடைவெளி விட்டு. பலகை இடுக்கில் என் நிழல் விழுந்திருக்க வேண்டும். அவள் தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை, ஓர் இறாலின் தோலை இழுத்து எறிந்தாள், அடுத்ததை எடுத்தாள், காற்றை ஒருமுறை உள்ளே இழுத்தாள். கூடத்துக்குக் கேட்காமல், எனக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னாள்.

“சுத்தம்.”